எதிரொலியை அணைப்பது யார்?

லினக்ஸுக்குப் புதிதாக வந்தவர்கள் ஒருமுறையாவது திகைத்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. கறுப்புத் திரையில், நிர்வாகி உரிமையோடு வேலை செய்ய உதவும் 'சூடோ' என்று தொடங்கும் கட்டளையைக் கொடுத்ததும் கணினி கடவுச்சொல் கேட்கும். தட்டினால் எழுத்து வராது. வங்கித் தளங்களில் பார்த்துப் பழகிய கரும்புள்ளிகளும் பொதுவாக வராது. கர்சர்கூட இருந்த இடத்தைவிட்டு அசையாது. கீபோர்டு கெட்டுவிட்டதோ, கணினி உறைந்துவிட்டதோ என்று பயந்து ஜன்னலையே மூடிவிடுகிறவர்கள் உண்டு. உண்மையில் தட்டிய எழுத்துகள் எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருக்கின்றன.

இந்த மௌனத்தைப் புரிந்துகொள்ள, அதற்கு முந்தைய கேள்வி ஒன்றைக் கேட்க வேண்டும். சாதாரணமாக நாம் தட்டும் எழுத்தைத் திரையில் போடுவது யார்? கீபோர்டிலிருந்து திரைக்கு நேரே ஒரு வழி இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறோம். அப்படி ஒரு வழி கிடையாது.

1963இல் வெளிவந்த டெலிடைப் மாடல் 33 என்ற இயந்திரத்திலிருந்து தொடங்கினால் விஷயம் தெளிவாகும். பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸை எழுதிய காலத்தில் முனையம் என்றால் இந்த மாதிரிப் பெட்டிதான். கீழே விசைகள், மேலே காகிதச் சுருளில் அச்சடிக்கும் தலை. ஒரே பெட்டிக்குள் இருந்தாலும், இருவழித் தொடர்பில் வேலை செய்யும்போது இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. விசையை அழுத்தினால் எழுத்து கம்பி வழியே கணினிக்குப் போகும். கணினி அதே எழுத்தைத் திருப்பி அனுப்பும். அது வந்து சேர்ந்த பிறகுதான் காகிதத்தில் விழும். இப்படித் திரும்பி வருவதற்குப் பெயர் எக்கோ, எதிரொலி. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் இன்றும் முனையத்தை 'டிடிஒய்' என்று அழைப்பது டெலிடைப் என்ற பெயரின் மிச்சம்.

எதிரொலி கணினியின் கையில் இருந்ததால், கடவுச்சொல்லை மறைப்பது எளிதாகிவிட்டது: திருப்பி அனுப்பாமல் இருந்தால் போதும். காகிதம் இருந்த காலத்தில் இது இன்னும் முக்கியம். திரையில் விழுந்த எழுத்து சற்று நேரத்தில் மேலேறி மறைந்துவிடும், காகிதத்தில் விழுந்ததோ குப்பைக்கூடைவரை போகும். ஆனால் சில முனையங்கள் கணினியைக் கேட்காமல் தாங்களே அச்சடித்துவிடும். அவற்றைத் தடுக்கக் கணினியால் முடியாது. எம்ஐடியில் உருவான மல்டிக்ஸ் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தது. கடவுச்சொல் கேட்பதற்கு முன்பே, அது விழப்போகும் இடத்தில் பல எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்துக் கறுப்பாக்கிவிடும். பயனர் அந்தக் கறையின் மேலேயே தட்டுவார். அடித்தது என்னவென்று யாராலும் படிக்க முடியாது.

இப்போது காகிதம் இல்லை, டெலிடைப் இல்லை. ஏற்பாடு மட்டும் அப்படியே இருக்கிறது. லினக்ஸிலும் மேக்கிலும் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஒரு முனைய இயக்கி உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு முனையத்துக்கும் அது சில கொடிகளை வைத்திருக்கிறது. எக்கோ அவற்றில் ஒன்று. கடவுச்சொல் கேட்கும் நிரல் முதலில் முனையத்தின் தற்போதைய அமைப்பைப் படித்துப் பத்திரப்படுத்தும். அதன் பிரதி ஒன்றில் எக்கோ கொடியை மட்டும் இறக்கிவிட்டு, அந்தப் பிரதியைக் கெர்னலிடம் கொடுக்கும். ஒரு வரியைப் படிக்கும். பிறகு பழைய அமைப்பைத் திருப்பி வைக்கும். அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று இருக்கிறது. இறக்கியது எக்கோவை மட்டும்தான். வரி வரியாகப் படிக்கும் முறை அப்படியே நீடிப்பதால், பேக்ஸ்பேஸ் அழிக்கும் வேலையைக் கெர்னல் இன்னும் செய்துகொண்டுதான் இருக்கிறது. நடுவில் தவறாகத் தட்டிவிட்டோமோ என்று சந்தேகம் வந்தால் எத்தனை முறை பேக்ஸ்பேஸ் அடிப்பது என்று எண்ண வேண்டியதில்லை. கன்ட்ரோலும் யூவும் சேர்த்து அழுத்தினால் முழு வரியும் அழிந்துவிடும், முதலிலிருந்து தட்டலாம். எக்கோ போனதால் என்டர் விசையின் எதிரொலியும் போய்விடும். எனவே நிரல்தான் தன் பங்குக்கு ஒரு புதுவரியை அச்சிட வேண்டும். அதை மறந்த நிரல்களில் அடுத்த செய்தி, 'பாஸ்வேர்டு' என்ற சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொண்டு வரும்.

மறைப்பது நான்கு வரிச் செயல். தொல்லையெல்லாம் பழைய நிலைக்குத் திருப்பி வைப்பதில்தான். எக்கோ கொடி நிரலுக்குச் சொந்தமானதல்ல, முனையத்துக்குச் சொந்தமானது. விடுதியின் பொதுக்கூடத்தில் விளக்கை அணைத்தவர் திரும்பப் போடாமல் போனால், அடுத்து வருகிறவர் இருட்டில் தடவ வேண்டியதுதான். கடவுச்சொல் கேட்கும் நேரத்தில் பயனர் மனம் மாறி கன்ட்ரோல்-சி அடித்து நிரலைக் கொன்றுவிட்டால், கொடியை ஏற்றிவைக்க ஆள் இல்லை. நம் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்களில் சில, இப்படி இறந்த நிரல்களுக்குப் பிறகு தாமே ஒழுங்குபடுத்திக்கொள்ளும். எல்லாம் அப்படிச் செய்வதில்லை. அந்த நிலையில் மாட்டிக்கொண்டால், எழுத்து தெரியாவிட்டாலும் பரவாயில்லையென்று 'எஸ்டிடிஒய் சேன்' கட்டளையைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டி என்டர் அடிக்க வேண்டும். முனையம் பழையபடி பேசும்.

கன்ட்ரோல்-இசட் இன்னும் மோசம். அது நிரலைக் கொல்லாமல் நிறுத்திவைக்கிறது. எக்கோ அணைந்த நிலையில் பயனர் ஷெல்லுக்குத் திரும்புகிறார், பிறகு நிரலை மறுபடி எழுப்புகிறார். ஒழுங்காக எழுதப்பட்ட நிரல், நிறுத்தும் சமிக்ஞை வந்ததும் அதைப் பிடித்து, முதலில் எக்கோவைத் திருப்பி வைத்து, பிறகு அதே சமிக்ஞையைத் தனக்கே அனுப்பித் தூங்கப்போகும். எழுந்ததும் மீண்டும் எக்கோவை அணைத்துக் கேள்வியைப் புதிதாகக் கேட்கும். ஓபன்பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தில் வந்த 'ரீட்பாஸ்ஃப்ரேஸ்' என்ற செயற்கூறு இதையெல்லாம் செய்கிறது. அதற்கு முந்தையது, 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் இருந்த 'கெட்பாஸ்'. அது எட்டு எழுத்துகளோடு நிறுத்திக்கொள்ளும். அன்றைய கடவுச்சொல் குறியாக்கம் எட்டு எழுத்துக்குமேல் பார்க்காது என்பதால் அது போதுமானதாக இருந்தது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரம் 2001இல் கெட்பாஸைத் தன் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. ஆனால் பழைய நிரல்களிலும் பாடப்புத்தகங்களிலும் அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

யாரிடம் கேட்பது என்பது அடுத்த சிக்கல். கட்டளை வரி நிரல்களை ஒன்றோடொன்று குழாய்போல் இணைப்பது யூனிக்ஸ் பழக்கம். ஒரு தரவுத்தளத்தின் பிரதியை எடுத்து, சுருக்கி, தொலைக் கணினியோடு குறியாக்கத்துடன் இணைக்கும் எஸ்எஸ்ஹெச் வழியாக வேறு கணினிக்கு அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எஸ்எஸ்ஹெச்சின் உள்ளீட்டு வாயிலில் வந்துகொண்டிருப்பது தரவு. கடவுச்சொல்லையும் அதே வாயிலில் படித்தால் தரவின் முதல் வரியைத்தான் கடவுச்சொல் என்று எடுத்துக்கொள்ளும். அதனால் அது உள்ளீட்டு வாயிலை விட்டுவிட்டு, 'டெவ்' அடைவில் உள்ள டிடிஒய் என்ற சிறப்புக் கோப்பைத் திறக்கிறது. எந்தக் குழாய் எங்கே போனாலும் அந்தக் கோப்பு, நிரலை இயக்குகிறவரின் முனையத்தையே குறிக்கும். கடவுச்சொல்லைக் குழாய் வழியாக எஸ்எஸ்ஹெச்சுக்கு ஊட்டப் பார்த்துத் தோற்றுப்போனவர்களுக்குக் காரணம் இதுதான். 'எக்ஸ்பெக்ட்', 'எஸ்எஸ்ஹெச்பாஸ்' போன்ற கருவிகள் அதனால்தான் ஒரு போலி முனையத்தையே உருவாக்கி, மனிதர் தட்டுவதுபோல் நடிக்கின்றன.

எதிரொலியை நிறுத்துவதே ஒரு துப்பு ஆகிவிட்ட கதையும் உண்டு. எஸ்எஸ்ஹெச் இணைப்புக்குள் நாம் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் குறியாக்கப்பட்டுத் தனிப் பொட்டலமாகப் போகும். எதிரொலி இன்னொரு பொட்டலமாகத் திரும்பி வரும். நடுவில் ஒட்டுக்கேட்பவரால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. ஆனால் போகிற பொட்டலங்களுக்குப் பதில் பொட்டலம் வராமல் இருந்தால், 'இதோ, இப்போது கடவுச்சொல் தட்டுகிறார்' என்று தெரிந்துகொள்ள முடியும். 2001இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் சாங், டேவிட் வாக்னர், ஷூச்சிங் தியான் மூவரும் ஓர் ஆய்வுக்கட்டுரையில் இதைக் காட்டினார்கள். அதோடு நிற்காமல், இரண்டு விசைகளுக்கு இடையிலான மில்லிநொடி இடைவெளிகளை வைத்தே, எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து என்று ஊகிக்கும் வேலையைக் கணிசமாகக் குறைக்கலாம் என்றும் நிரூபித்தார்கள். எதிரொலி இல்லாத நேரத்திலும், எஸ்எஸ்ஹெச் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்ஹெச் வெற்றுப் பொட்டலங்களைத் திருப்பி அனுப்பி எதிரொலிபோல் நடிப்பது இதை மறைக்கத்தான். 2023 அக்டோபரில் வந்த அதன் 9.5 பதிப்பு, விசைகளைச் சீரான இடைவெளியில் அனுப்பி, நடுநடுவே பொய் விசைகளையும் கலந்துவிடும் ஏற்பாட்டைச் சேர்த்தது. திரையில் ஒன்றும் காட்டாமல் இருந்தால் ரகசியம் காப்பாற்றப்பட்டுவிடும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடக் கச்சிதமான பதில் கிடையாது.

விண்டோஸ் வேறு பரம்பரை. அதன் வேர் டெலிடைப்பில் இல்லை. மேசைமேல் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு கணினியில் இருக்கிறது. விண்டோஸுக்கு முன்னோடியாக 1981இல் வந்த டாஸ், 'ஓர் எழுத்தைப் படி, திரையில் காட்டாதே' என்று கேட்பதற்கே தனியாக ஒரு சேவை எண் வைத்திருந்தது. அந்த வழியில் வந்ததுதான் சி நிரலாளர்கள் இன்றும் பயன்படுத்தும் 'கெட்சிஹெச்'. விண்டோஸிலும் எக்கோவுக்குக் கொடி உண்டு. அங்கே முனையத்தின் இடத்தில் இருக்கும் கன்சோலின் அமைப்பை வாங்கி, எக்கோவை இறக்கி, படித்து, திருப்பி வைக்கலாம். முனையத்தை நேரே திறக்க 'கான்இன் டாலர்' என்ற சிறப்புப் பெயரும் இருக்கிறது. இருந்தாலும் பெரும்பாலோர் கெட்சிஹெச்சின் பக்கமே போகிறார்கள். பைத்தான் மொழியின் கடவுச்சொல் வாங்கும் பகுதியும் விண்டோஸில் அப்படித்தான் வேலை செய்கிறது.

எழுத்தெழுத்தாகப் படிப்பது சுலபம்போல் தெரியும். ஆனால் யூனிக்ஸில் கெர்னல் சும்மா செய்துகொடுத்த வேலைகளையெல்லாம் இங்கே நிரலாளர் தன் கையால் செய்ய வேண்டும். பேக்ஸ்பேஸ் வந்தால் கடைசி எழுத்தை நீக்க வேண்டும். கன்ட்ரோல்-சி வந்தால், அது எண் 3 ஆகத்தான் வரும், அதைக் கண்டு நிறுத்த வேண்டும். அம்புக்குறி விசையை அழுத்தினால் ஒரே அழுத்தலுக்கு இரண்டு குறிகள் வரும். அதைக் கவனிக்காத நிரலில் தெரியாமல் கைபட்ட அம்புக்குறி, கடவுச்சொல்லுக்குள் இரண்டு குப்பை எழுத்தைச் சேர்த்துவிடும். கன்ட்ரோல்-வி அடித்து ஒட்டப் பார்த்தால் ஒட்டுவதற்குப் பதில் எண் 22 உள்ளே போய் உட்கார்ந்துகொள்வதும் உண்டு. 'கடவுச்சொல் சரிதான், ஆனாலும் தவறு என்கிறது' என்று புலம்பும் விண்டோஸ் பயனர் பலருக்கு விடை இதுதான். வலது பொத்தானை அழுத்தி ஒட்டினால் சரியாகிவிடும்.

இந்த இரண்டு பரம்பரையும் சந்திக்கும் இடத்தில்தான் கூத்து. விண்டோஸில் கிட் பாஷ் என்ற கட்டளை வரி ஜன்னலைத் திறந்து வேலை செய்கிறவர்கள் பல பேர். அந்த ஜன்னலை வரைவது 'மின்டிடி'. அது யூனிக்ஸ் முறை முனையத்தைப் பாவனை செய்கிறது. விண்டோஸுக்கென்று எழுதப்பட்ட நிரலை அதற்குள் ஓட்டினால், நிரலின் கண்ணுக்குத் தெரிவது கன்சோல் அல்ல, வெறும் குழாய். கன்சோலே இல்லாதபோது எந்த எக்கோவை அணைப்பது? சில நிரல்கள் அப்படியே உறைந்து நிற்கும். சில, கடவுச்சொல்லைப் பச்சையாகத் திரையில் காட்டிவிடும். இரண்டுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர்போல் நிற்க 'வின்பிடிஒய்' என்ற கருவியை எழுதினார்கள். கடைசியில் 2018இல் விண்டோஸ் 10இன் 1809 பதிப்போடு மைக்ரோசாஃப்டே போலி முனைய வசதியைத் தந்தது. யூனிக்ஸ் உலகில் பல பத்தாண்டுகளாக இருந்த வசதி அது.

ஜாவாவில் இதே பிரச்சினை வேறு உருவில் வரும். 2006இல் வந்த ஜாவா 6இல் கன்சோலிடமிருந்து கடவுச்சொல் வாங்கும் வசதி சேர்ந்தது. எக்லிப்ஸ் போன்ற நிரலாக்கச் சூழலுக்குள் ஓட்டினால் கன்சோல் இல்லை என்று வெறுமை திரும்பி வந்து நிரல் கவிழும். கல்லூரி ஆய்வுக்கூடங்களில் மாணவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் இடம் இது. இன்னொன்றையும் கவனிக்கலாம். அந்த வசதி கடவுச்சொல்லைச் சரமாகத் தராமல் எழுத்து வரிசையாகத் தருகிறது. ஜாவாவில் சரத்தை மாற்ற முடியாது. வரிசை என்றால், வேலை முடிந்ததும் ஒவ்வொரு கட்டத்திலும் பூஜ்யத்தை எழுதி நினைவகத்திலிருந்து அழித்துவிடலாம்.

தமிழில் கடவுச்சொல் வைத்தால் என்ன ஆகும்? வைக்கலாம். 'கோ' என்ற ஒரே எழுத்தை எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுத முடியும். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. ககரத்தோடு ஏகாரத்தின் இரட்டைச் சுழிக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்ப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் முதலாவது ஆறு பைட், இரண்டாவது ஒன்பது பைட். கடவுச்சொல்லின் சுருக்கக் குறியைக் கணக்கிடும்போது ஒரு பைட் மாறினாலே விடை முழுவதும் மாறிவிடும். ஒரு கணினியில் வைத்த கடவுச்சொல், வேறு விதமாகக் குறியிடும் கீபோர்டு மென்பொருள் உள்ள இன்னொரு கணினியில் செல்லாமல் போகலாம். இணைய நெறிமுறை அமைப்பு 2017இல் வெளியிட்ட ஆர்எஃப்சி 8265, கடவுச்சொல்லை முதலில் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். அதைக் கடைப்பிடிக்காத கட்டளை வரி நிரல்கள் ஏராளம்.

பேக்ஸ்பேஸும் சேர்ந்துகொள்ளும். லினக்ஸ் முனையத்தில் யூடிஎஃப்-8 கொடி ஏறியிருந்தால், ஒருமுறை பேக்ஸ்பேஸ் அடிக்கும்போது முதல் விதத்தில் எழுதிய 'கோ'விலிருந்து ஓகாரக் குறி மட்டும் போய், ககரம் மிஞ்சும். அந்தக் கொடி ஏறாமல் இருந்தால் மூன்று பைட்டில் ஒன்று மட்டும் போய், அரைகுறை எழுத்து மிஞ்சும். பார்த்துக்கொண்டே தட்டினால் சமாளிக்கலாம். ஒன்றும் தெரியாத திரையில் எப்படிச் சமாளிப்பது? இணையதளங்களில் தாராளமாகத் தமிழில் கடவுச்சொல் வைத்துக்கொள்ளுங்கள். கட்டளை வரியில் நுழைவதற்கு மட்டும், இன்றைய நிலையில், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்படியானால் புள்ளியோ நட்சத்திரமோ காட்டினால் என்ன குறைந்துவிடும் என்ற கேள்வி நியாயமானது. காட்டினால் பக்கத்தில் இருப்பவருக்கு நீளம் தெரியும் என்பது பழைய வாதம். அவர் விசைகளின் சத்தத்தை எண்ணினாலே நீளம் தெரிந்துவிடும். மேக் கணினியின் டெர்மினல் ஒரு நடுவழி கண்டிருக்கிறது. எக்கோ அணைந்ததை அதுவே உணர்ந்து, கர்சர் இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு சாவிப் படத்தைக் காட்டும். நீளம் வெளிவராது, பயனருக்குப் பதற்றமும் இருக்காது. விண்டோஸின் பவர்ஷெல் நட்சத்திரம் காட்டுகிறது. சூடோவிலும் நட்சத்திரம் காட்டும் விருப்பத்தேர்வு உண்டு, லினக்ஸ் மின்ட் அதை இயல்பாகவே இயக்கி வைத்தது. 2020 ஜனவரியில் அந்த வசதிக்குள்ளேயே ஓட்டை இருப்பது தெரியவந்தது.

அந்த ஓட்டை எப்படி வந்தது என்பது கவனிக்கத்தக்கது. நட்சத்திரம் காட்ட வேண்டுமென்றால் கெர்னலின் வரிமுறையை விட்டுவிட்டு, சூடோவே எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். எனவே முழு வரியை அழிக்கும் கன்ட்ரோல்-யூவையும் அதுவே கையாள வேண்டும். அந்த விசை வந்ததும் பின்னோக்கி நகர்ந்து ஒவ்வொரு நட்சத்திரமாகத் திரையிலிருந்து அழிக்கும், கூடவே தன் இருப்பிடத்தையும் ஒவ்வொன்றாகக் குறைக்கும். திரைக்கு எழுத முடியாமல் போனால் அந்தச் சுழற்சி பாதியிலேயே நின்றுவிடும். இருப்பிடம் குறையாது. ஆனால் 'இன்னும் இவ்வளவு இடம் காலி' என்ற கணக்கு மட்டும் முழு அளவுக்கு ஏறிவிடும். மேலும் மேலும் எழுத்துகளை அனுப்பினால் ஒதுக்கிய இடத்தைத் தாண்டி வழியும். சூடோ பயன்படுத்த அனுமதியே இல்லாதவர்கூட இதைத் தூண்ட முடிந்தது. 1.8.31 பதிப்பில் திருத்தினார்கள். நட்சத்திரம் கூடாது என்பதற்கு இது காரணமாகாது. கெர்னல் செய்துகொண்டிருந்த வேலையை நாம் கையிலெடுத்தால் அதன் விலை என்ன என்பதற்கு இது கணக்கு.

இத்தனை பாடுபட்டு மறைத்ததை ஒரே வரியில் அம்பலமாக்கவும் வழி இருக்கிறது. கேட்பதற்கு முன்பே கட்டளையோடு சேர்த்துக் கடவுச்சொல்லை எழுதிவிடுவதுதான் அது. ஷெல்லின் வரலாற்றுக் கோப்பில் அது பதிவாகிவிடும். நிரல் ஓடும்வரை, அதே கணினியில் கணக்கு வைத்திருக்கும் மற்றவர்கள் 'பிஎஸ்' கட்டளையால் பொதுவாக அதைப் பார்க்க முடியும். அவசரத்தில் தன்னியக்க ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் இதில்தான் அதிகம் வழுக்குகிறார்கள். அங்கே மனிதரும் இல்லை, முனையமும் இல்லை. அந்த இடத்துக்கு ஏற்றவை சாவிக்கோப்புகள், இயங்குதளத்தின் கடவுச்சொல் பெட்டகங்கள், குறுகிய ஆயுள் கொண்ட டோக்கன்கள். கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் வேலைகளுக்குக் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதையே நிறுத்திவிட்டது.

நிரல் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கடவுச்சொல் வாங்கும் பகுதியை நீங்களே புதிதாக எழுதாதீர்கள். உங்கள் மொழியோடு வரும் செயற்கூறு எதுவோ அதைப் பயன்படுத்துங்கள், லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் கன்ட்ரோல்-சி அடித்துப் பாருங்கள். முனையம் கிடைக்காத நிலையில் என்ன நடக்கிறது என்பதையும் ஒருமுறை பாருங்கள். எக்கோவை அணைக்க முடியாவிட்டால் பைத்தான், 'தட்டுவது திரையில் தெரியலாம்' என்று ஓர் எச்சரிக்கையை அச்சிட்டுவிட்டுத் தொடர்ந்து படிக்கிறது. என்னைக் கேட்டால் அது தவறு. மறைக்க முடியாதென்றால் நிரல் கேட்கவே கூடாது. பிழைச்செய்தியோடு நின்றுவிட வேண்டும்.